இலத்தீன் படிக்கிற பிள்ளை

சென்ட் லோரன்ட்
22 செப்டெம்பர் 2024

அன்புள்ள றோசலினுக்கு,

நான் சுகம். நீரும் தக்ஷினியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஒரே நகரத்துக்குள் தபாலில் எழுதுவது எனக்கே விசித்திரமாக இருக்கிறது. ஆனால் போனில் நீர்தான் சொன்னீர்: "இனி எடுக்காதீங்க மச்சாள். சொல்ல இருக்கிறத எழுதுங்க. எழுதினா ரெண்டு நாள் வைச்சு வாசிக்கலாம்." நியாயமான பேச்சு. ஆகவே எழுதுகிறேன்.

கீர்த்திகன் போய் ஒன்றரை வருடம். எனக்கு இருந்தது ஒரு தம்பி, அவன் விட்டுப்போனது ஒரு பிள்ளை. சனிக்கிழமைகளில் அவள் என்னிடம் வருவாள். சண்டைக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டீர். திரும்ப எப்போது அனுப்புவீர் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் சண்டைக்குக் காரணமானதை எழுதாமல் அதைக் கேட்பதும் சரியில்லை.

பிள்ளையை அரசாங்கப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து, ஒரு தேவாலய மண்டபத்தில் நடக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறீர். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு எந்த மதத்தோடும் கோபமில்லை. யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் கன்னியர் மடத்தில் படித்தவள் நான். ஞானபாட நேரத்தில் சைவப்பிள்ளைகள் ஐந்து பேரையும் தையல் அறையில் உட்கார்த்திவிடுவார்கள். பிழையில்லாமல் ஒப்பிப்பவளுக்கு மெடல், கேள்வி கேட்பவளுக்கு வெளியே நிற்க இடம். அப்படிப்பட்ட இடங்களை எனக்குத் தெரியும். அங்கே இரசாயனம் படிப்பித்த ஒரு சிஸ்டரால்தான் நான் தப்பினேன். இங்கே அப்படி ஒருவர் இருக்கிறாரா?

இலத்தீன் எந்த ஊரில் கதைக்கிறார்கள்? ஆறு நாளில் உலகம் உண்டானது என்று விஞ்ஞானப் பாடத்தில் சொல்லிக்கொடுப்பார்களா? பிரெஞ்சு என்னவாகும்? தங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று நினைக்கிற பணக்காரர்களின் பள்ளிக்கூடம் அது என்றுதான் கேள்விப்பட்டேன். அங்கே உமக்கு என்ன வேலை? ஏன் மாற்றினீர்?

கடுமையாக எழுதிவிட்டேன். பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லும்.

உமது மச்சாள்
சிவாஜினி


ரொக்ஸ்பரோ
14 ஒக்டோபர் 2024

மச்சாளுக்கு,

ஆண்டவர் கிருபையில் நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? குளிர் தொடங்கிவிட்டது, கவனம்.

பணக்காரர் என்று எழுதியிருந்தீர்கள். போன வெள்ளி மண்டபத்துக் கழிவறை கழுவுகிற முறை எனக்கு. என்னோடு துடைத்தது கமரூன்காரர் ஒருவர், கணக்காளர். பொறுப்பாக இருக்கிற மதாம் எஸ்தெல் ஹெயிட்டியில் பிறந்தவ. உங்கள் கடிதத்தில் அந்த இடத்தை மட்டும் அவவுக்குச் சொன்னேன். சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் எடுத்தது. "உன் மச்சாளை ஒரு வெள்ளிக்கிழமை வாளியோடு வரச்சொல்லு" என்றா.

விஞ்ஞானம் இருக்கிறது. போன மாதம் மாட்டுக்கண் வெட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு உங்கள் மருமகள் சோற்றைத் தொடாமல் கண்ணின் வில்லையைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தாள். பாடங்களில் பாதி பிரெஞ்சில். இலத்தீன் தெரிந்த பிறகு பிரெஞ்சு வினைச்சொற்கள் லேசாகிவிட்டன என்று அவளே சொல்கிறாள். பாடமாக்குதல் உண்டு. இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பாடமாக்கியதோடு விடுகிறார்களில்லை. "இது ஏன்?" என்று கேட்காத பிள்ளைக்குத்தான் அங்கே ஏச்சு விழுகிறது.

உண்மை சொன்னால் நானும் உங்களைப் போலத்தான் நினைத்துப் போனேன். மட்டக்களப்பில் நான் படித்த மிஷன் பள்ளிக்கூடம் மாதிரி கண்டிப்பும் புள்ளியும் இருக்கும் என்று. முதல் நாளே "வகுப்பில எத்தினையாம் பிள்ளை?" என்று கேட்டேன். அப்படி ஒன்றை அவர்கள் எண்ணுவதேயில்லையாம்.

எல்லாம் எனக்குப் பிடிக்கும் என்றுமில்லை. பேய் வேடம் போடுகிற ஹலோவீனுக்கு மிட்டாய் வாங்குகிறேன் என்றதற்கு, பாவம் செய்தவளைப் பார்க்கிற மாதிரி ஒரு தாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

ஏன் மாற்றினேன் என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டியிருந்தது. சனிக்கிழமையைப் பற்றிப் பேந்து எழுதுகிறேன்.

அன்புடன்
றோசலின்


சென்ட் லோரன்ட்
3 நவம்பர் 2024

அன்புள்ள றோசலினுக்கு,

முழங்கால் பரவாயில்லை. தீபாவளிக்கு அனுப்பிய சட்டை அளவாக இருந்ததா? பத்து வயதுக்கென்று வாங்கினேன். வளர்ந்திருப்பாள். ஆறு கிழமைக்கு மேலாக அவளைக் காணவில்லை.

மாட்டுக்கண் பற்றி வாசித்தேன். நல்லது. ஆனால் நான் கேட்பது வேறு. அந்த இடத்துக்குக் கல்வி அமைச்சின் உரிமம் இருக்கிறதா? இணையத்தில் பட்டியலைப் பார்த்தேன், பெயர் இல்லை. உரிமம் இல்லாத இடத்தில் படித்த பிள்ளையை நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் எந்த வகுப்பில் எடுக்கும்? இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுதும். வேறொன்றும் கேட்கவில்லை.

"மாற்ற வேண்டியிருந்தது" என்பது பதிலல்ல, றோசலின்.

பிள்ளைக்கு என் அன்பு.

சிவாஜினி


ரொக்ஸ்பரோ
12 ஜனவரி 2025

மச்சாளுக்கு,

புது வருட வாழ்த்து. பிந்திவிட்டது, குறை நினைக்க வேண்டாம். முதியோர் இல்லத்தில் காய்ச்சல் பரவி, இரட்டை வேலை செய்தேன். நாங்கள் தப்பினோம். நீங்கள் சுகமா? சட்டை அளவுதான். நத்தார் ஆராதனைக்கும் அதைத்தான் போட்டாள்.

ஒன்று எழுத வேண்டும். எழுத இவ்வளவு நாள் எடுத்தது.

அவர் போன பிறகு தக்ஷினி பள்ளிக்கூடத்தில் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. வீட்டில் கதைப்பாள். உங்களோடு சனிக்கிழமை வாய் ஓயாமல் கதைப்பாள். பள்ளிக்கூட வாசல் தாண்டினால் வாய் பூட்டு. ஒரு வருடத்துக்கு மேல். ஆசிரியைகள் கெட்டவர்களில்லை, முயன்றார்கள். கடைசியில், நாலாம் வகுப்புக்கு, தனிக் கவனிப்புத் தேவையான வேறு விதமான பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் போடுவோம் என்று கடதாசி நீட்டினார்கள். நான் கையெழுத்து வைக்கவில்லை. உங்களுக்குச் சொல்லவுமில்லை. தகப்பன் செத்துப் பிள்ளைக்கு விசர் பிடித்துவிட்டது என்று சனம் கதைக்கும். நீங்களும் அப்படிப் பார்ப்பீர்களோ என்று பயந்தேன்.

இங்கே முதல் மாதம் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து இலத்தீனைப் பாட்டாகச் சொல்லுவார்கள். தனியாக ஒருவரும் கேட்கவில்லை. கூட்டத்தோடு சொன்னாள். சண்டையில் நீங்கள் கிளிப்பிள்ளைப் பாடம் என்றது அதைத்தான்.

டிசெம்பரில் விவாதம் வைத்தார்கள். சீசர் ஆற்றைக் கடந்து படையோடு வந்தது சரியா பிழையா. பிழை என்ற பக்கம் இவளுக்கு விழுந்தது. நாலு நிமிடம், மச்சாள். மண்டபத்தின் கடைசிக் கதிரைவரை கேட்டது. நான் வெளியே கோட்டுகள் கொழுவியிருந்த இடத்தில் போய் நின்று அழுதேன்.

உரிமம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாங்கள் ஒவ்வொரு குடும்பமும் வீட்டில் படிப்பிக்கிறோம் என்று அமைச்சுக்கு எழுதிக் கொடுத்துத்தான் செய்கிறோம். கிழமையில் மூன்று நாள் மண்டபத்தில் ஒன்றுகூடுகிறோம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் அவரின் திவசம். கோயிலுக்கு நாங்கள் இருவரும் வருவோம்.

றோசலின்


சென்ட் லோரன்ட்
19 ஜனவரி 2025
(அனுப்பப்படாதது)

றோசலின்,

உம்முடைய கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இன்று ஞாயிறு. இதற்கிடையில் வேறொன்றும் செய்யவில்லை.

நவம்பர் 24ஆம் திகதி நான் அமைச்சுக்கு எழுதினேன். மண்டபத்தின் விலாசம், நாட்கள், நேரம், பிள்ளைகள் எத்தனை பேர் என்று சண்டைக்கு முன் தக்ஷினி போனில் சொன்னது, எல்லாம். மூன்று கிழமை உமது பதிலைப் பார்த்தேன். வரவில்லை. எழுதினேன்.

எங்கள் மருந்துத் தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் ஒரு குப்பியின் லேபிள் மங்கலாக இருந்தாலும் அறிக்கை போட வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் முதலில் கதைக்கக்கூடாது, கதைத்தால் அவர் திருத்தி மறைத்துவிடுவார். போட்டவரின் பெயர் வெளியே வராது. ஒருவர் மேலும் கோபமில்லை, மருந்தில் பிழை வரக்கூடாது, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக அப்படி அறிக்கை போடுகிறேன். ஒருநாளும் நித்திரை கெடவில்லை. அன்றைக்கும் நல்ல நித்திரை.

அவள் கதைக்காமல் இருந்தாள் என்று எனக்குத் தெரிந்திருந்தால்


சென்ட் லோரன்ட்
20 ஜனவரி 2025

அன்புள்ள றோசலினுக்கு,

நான் சுகம். உம்முடைய கடிதம் கிடைத்தது. தக்ஷினி பேசினாள் என்று வாசித்து மிகவும் சந்தோஷம்.

திவசத்துக்குப் பழங்களும் பூவும் நான் கொண்டுவருகிறேன். நீர் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு ஐயர் தொடங்குவார். பிள்ளைக்கு உள்ளே தடித்த உடுப்புப் போட்டுவிடும். கோயில் மண்டபம் குளிரும்.

சிவாஜினி


ரொக்ஸ்பரோ
2 மார்ச் 2025

மச்சாளுக்கு,

சுகமா? திவசம் நல்லபடியாக நடந்தது. அன்றைக்கு நீங்கள் அதிகம் கதைக்கவில்லை. அந்த நாள் உங்களுக்கும் பாரம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

திவசத்துக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு தரமாட்டார்கள் என்று நீங்கள் பயந்தது எனக்குத் தெரியும். மதாம் எஸ்தெல் சொன்னது: "தகப்பனைக் கனம்பண்ணு என்று எங்கட வேதத்திலயும்தான் இருக்கு. போயிட்டு வந்து என்ன செய்தீங்கள் எண்டு எங்களுக்குச் சொல்லு." அதனால்தான் உங்கள் மருமகள் ஐயரிடம், "ஐயா, ஏன் எள்ளு? அரிசி போட்டா என்ன?" என்று கேட்டாள். "முப்பது வருசத்தில இத ஒருத்தரும் கேக்கேல்லையம்மா" என்று அவர் சிரித்ததை நீங்களும் கண்டீர்கள்.

இப்போது கெட்ட செய்தி. செவ்வாய்க்கிழமை அமைச்சிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்தார்கள். கதிரைகளை எண்ணினார்கள், புத்தகங்களைப் படம் எடுத்தார்கள். யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். நாட்களும் நேரமும் சரியாகத் தெரிந்திருக்கிறது. உள்ளே இருந்த ஆள்தான்.

எல்லாரும் அனோஜினியைச் சொல்லுகிறார்கள். எங்களுக்குள் என்னைவிட்டால் அவ ஒருத்திதான் தமிழ். ஒக்டோபரில் மதாமோடு கோபித்துக்கொண்டு மகனை எடுத்துக்கொண்டு போனவ. சட்டை தைத்துக் கொடுத்துத்தான் சீவியம். மண்டபத்துத் தாய்மார் எல்லாரும் தைக்கக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். நானும் வாங்கினேன்.

றோசலின்


சென்ட் லோரன்ட்
16 மார்ச் 2025

அன்புள்ள றோசலினுக்கு,

நலம். ஆதாரமில்லாமல் ஒருவர் மேல் பழி போடுவது சரியில்லை. அனோஜினிதான் என்று எப்படித் தெரியும்? உமது துணியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடும்.

மண்டபத்தைப் பூட்டச் சொன்னால் பிள்ளைக்கு விஞ்ஞானமும் கணிதமும் நான் சொல்லிக்கொடுப்பேன். எந்த நாளும் வர ஆயத்தம்.

தக்ஷினி எப்படி இருக்கிறாள் என்று எழுதும்.

சிவாஜினி


ரொக்ஸ்பரோ
6 ஏப்ரல் 2025

மச்சாளுக்கு,

உடம்பு எப்படி? எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

மண்டபம் பூட்டியாயிற்று. உரிமம் எடுக்கும்வரை ஒன்றுகூடக்கூடாது. ஒவ்வொருவரும் வீட்டில் படிப்பிக்க வேண்டும். நான் பின்னேர வேலைக்குப் போகிறவள், காலையில் அரைத் தூக்கத்தில் உட்கார்ந்து என்னத்தைப் படிப்பிக்கிறது? நேற்று அவள் இலத்தீன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. "சொல்லு" என்றேன். "ஆரோட சொல்லுறது?" என்றாள். பழையபடி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

போன கிழமை புரோசார்ட்டில் தமிழ்க் கடையில் அனோஜினியைக் கண்டேன். நேரே வந்தா. "றோசலின், என்ர பிள்ளையின்ர தலையில கை வைச்சுச் சொல்லுறன், நான் எழுதேல்லை." நான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு மற்றப் பக்கம் போய்விட்டேன். துணியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு நல்ல மனம். என்னால் ஏலாது.

மச்சாள், நான் உங்களோடு பிடித்த சண்டை பிழை. நீங்கள் பயந்த மாதிரித்தான் நடந்தது. உரிமம் இருக்கிறதா என்று முதலே கேட்டது நீங்கள் ஒருத்திதான். வருகிற சனிக்கிழமையிலிருந்து தக்ஷினியை அனுப்புகிறேன். புதன் காலையும் வரலாம் என்றால் அதுவும். இந்த ஊரில் அவளுக்கு உங்களைவிட்டால் நான் யாரை நம்புவது?

அன்புடன்
றோசலின்


சென்ட் லோரன்ட்
8 ஏப்ரல் 2025

றோசலின்,

இதை முழுதும் வாசிக்கும்வரை பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

அமைச்சுக்கு எழுதியது நான். நவம்பர் 24. அனோஜினியை நான் கண்டதுகூட இல்லை. நீர் எழுதிய எந்தக் கடிதத்துக்குப் பிறகும் இதைச் சொல்லியிருக்கலாம். ஜனவரியில் எழுதி மேசைக்குள் வைத்தேன். மார்ச்சில் உம்முடைய துணியைப் பற்றி எழுதினேன்.

நீர் சனிக்கிழமையைத் திருப்பித் தந்திருக்கிறீர். நான் செய்ததால்தான் அது எனக்குக் கிடைக்கிறது. அதை வாங்க முடியவில்லை.

அனோஜினியின் விலாசத்தை அந்தத் தமிழ்க் கடையில் கேட்டு வாங்கிவிட்டேன். வியாழன் போகிறேன். மதாம் எஸ்தெலுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

சிவாஜினி


ரொக்ஸ்பரோ
25 மே 2025

மச்சாளுக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்க வரவில்லை. அதனால் விடுகிறேன்.

ஏழு கிழமை உங்கள் கடிதம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. மூன்று தரம் பதில் எழுதிக் கிழித்தேன்.

மற்றத் தாய்மாருக்கு உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் அனோஜினியை விடுவிக்க வழியில்லை. நீங்கள் போனதை அவ சொன்னா. "உங்கட மச்சாள் வாசலிலேயே நிண்டு, ஒப்பிக்கிற மாதிரிச் சொல்லிப்போட்டு, தண்ணியும் குடிக்காமப் போயிட்டா. நான் ஏசக்கூட நேரம் தரேல்லை." நானும் அவவிடம் போனேன். என்னை உட்காரவைத்து ஏசினா. நல்லாக ஏசினா. கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டிலைத் தள்ளினது நான், நீங்களில்லை.

உரிமத்தைப் பற்றி நீங்கள் கேட்டபோது நான் பதில் எழுதவில்லை. எனக்கே பதில் தெரியாது என்று எழுத வெட்கம். அதையும் இந்த ஏழு கிழமையில் யோசித்தேன். ஆனால் அதை வைத்து நீங்கள் செய்ததைச் சமன் செய்ய முடியவில்லை.

மதாம் எஸ்தெல் உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறா. செப்டெம்பருக்குக் கிடைக்குமோ தெரியாது. இப்போது கமரூன்காரரின் பிள்ளைகள் இரண்டு பேரும் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து தக்ஷினியோடு படிக்கிறார்கள். அவர்களோடு கதைக்கிறாள். குரல் இன்னும் மண்டபத்தில் போல வரவில்லை.

அவளுக்கு யார் எழுதியது என்று தெரியாது. நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் சொல்ல வேண்டும். வருகிற சனிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டிவருகிறேன். நான் காரில் இருப்பேன். கேட்ட பிறகு அவள் இருந்தால் ஐந்து மணிக்கு வந்து எடுப்பேன். இறங்கி வந்தால் கூட்டிக்கொண்டு போவேன். அவளே தீர்மானிக்கட்டும்.

றோசலின்


சென்ட் லோரன்ட்
1 ஜூன் 2025

றோசலின்,

அவள் பத்தே முக்காலுக்கு இறங்கி வந்தாள். அது உமக்குத் தெரியும். காரில் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மேலே என் வீட்டில் நடந்ததை நீர் அறிய வேண்டும்.

முழுவதும் சொன்னேன். தொழிற்சாலை அறிக்கைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் நிறுத்தினாள். "அது மருந்து, மாமி" என்றாள். அதற்குமேல் அந்தக் கதையை நான் சொல்லவில்லை.

பிறகு சொண்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். கீர்த்திகனும் அப்படித்தான் யோசிப்பான். அழவில்லை.

"அப்பா இருந்து, அவர் என்னை அங்க சேர்த்திருந்தா எழுதியிருப்பீங்களா?"

"இல்லை."

"அப்பா உங்கட கடிதத்துக்குப் பதில் போடாட்டி?"

"வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியிருப்பன்."

"அவர் திறக்காட்டி?"

"திறக்கும்வரைக்கும் தட்டியிருப்பன்."

"அப்ப எங்கட கதவை ஏன் தட்டேல்லை?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகத் தெரியவில்லை. பதிலுக்காகத்தான் காத்திருந்தாள். வராது என்று தெரிந்ததும் சப்பாத்தைப் போட்டாள். வாற கிழமை வாறியோ என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பதில் அவளுக்கல்ல, உமக்குத்தான் சொல்ல வேண்டியது என்று இரவில் விளங்கியது. தம்பியின் வீடு என்றால் தட்டியிருப்பேன். அவன் போன பிறகும் அதைத் தம்பியின் வீடு என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே அவன் இல்லை, ஆகவே தட்டுவதற்கு ஒருவரும் இல்லை. நீர் உள்ளே இருந்தீர். அது என் கணக்கில் வரவேயில்லை, றோசலின். அவன் உம்மைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்தே வரவில்லை.

இதைத் தபாலில் போடவில்லை. கையில் கொண்டுவந்திருக்கிறேன். உமது வாசலில் நின்று இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன். இனித் தட்டுவேன். நீர் திறக்காவிட்டால் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டு, திரும்பவும் தட்டுவேன்.

சிவாஜினி